அழிவு, ஆக்கம், ஊதியம்: ஜூரோங் காட்டும் கணக்கு

பொருளைச் செலவிடுமுன் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கொள்வார் எவரும் இலர். எப்படி எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு தோன்றுகிறது. பருவநிலை மாற்றத்தைப் பற்றி இன்று நடைபெறும் வழக்கும் பெரும்பாலும் இத்தகையதே. உலகம் வெப்பமடைகிறது என்பதை மறுப்பவர் குறைந்துவிட்டனர். 'அதைத் தடுக்க ஆகும் செலவு எவ்வளவு? வரும் நன்மை எவ்வளவு? அச்செலவை நாம் ஏன் ஏற்க வேண்டும்?' என்று கேட்பவரோ பெருகியுள்ளனர். கேள்வி நேர்மையானது. அதற்கு விடையாக வைக்கப்படும் கணக்குகளும் நேர்மையானவையா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குறளின் நாற்பத்தேழாம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை. தமிழாசிரியர்கள் பலமுறை நடத்திய பாடந்தான். அதன் முதற் குறள், ஒரு செயலைத் தொடங்குமுன் மூன்றினை எண்ணச் சொல்கிறது. அச்செயலால் அழிவது எது, ஆவது எது, ஆனபின் தொடர்ந்து வரும் ஊதியம் எது என்பவை அம்மூன்று. வகுப்பில் இதனை 'வரவு செலவு பார்த்தல்' என்று சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். அச்சுருக்கத்தில் மூன்றாவது மறைந்துவிடுகிறது. உடனே கைக்கு வருவது வேறு. அதன் வழியே பின்னர் விளைவது வேறு. வள்ளுவர் இரண்டையும் பிரித்தே வைத்தார். இக்காலப் பொருளியலாரின் கணக்கேட்டில் இம்மூன்று பத்திகளும் நிரம்பியிருக்கின்றனவா என்று பார்ப்போம்.

ஜூரோங் பிறந்த கணக்கு

ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும். ஜூரோங்கைக் காட்டிலும் பொருத்தமான இடம் நம் நாட்டில் இல்லை. கரிமப் புகையை மிகுதியாக வெளிவிடும் எண்ணெய் ஆலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் அங்கே நிற்கின்றன. உயரும் கடலுக்கு அஞ்ச வேண்டிய தாழ்ந்த கரைகளும் அங்கே உள்ளன. வினையும் விளைவும் ஒரே மண்ணில் சந்திக்கின்றன.

1961ஆம் ஆண்டில் ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்கும் பணி தொடங்கியபோது அங்கிருந்தவை சதுப்புநிலமும் இறால் குளங்களும் சிறு குன்றுகளும் கிராமங்களுமே. குன்றுகளை வெட்டிச் சதுப்பைத் தூர்த்தனர். சாலைகள் வந்தன, துறைமுகம் வந்தது. ஆலைகள் மட்டும் எதிர்பார்த்த வேகத்தில் வரவில்லை. வெறுமையாகக் கிடந்த மனைகளைக் கண்டவர்கள், அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் பெயரால் இதனைக் 'கோவின் மடமை' என்று எள்ளினர். 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைந்தது. அதன்பின் ஜூரோங் வளர்ந்த வரலாற்றை நாம் அறிவோம்.

அன்று ஒரு கணக்கர், முதலிரண்டு பத்திகளை மட்டும் பார்த்து முடிவு கூறியிருந்தால், இத்திட்டத்தைக் கைவிடச் சொல்லியிருப்பார். செலவு உடனே வந்தது. பயன் பல ஆண்டு கழித்து வந்தது. அது வரும் என்னும் உறுதியும் தொடக்கத்தில் இல்லை. மூன்றாம் பத்தியை நம்பியே அத்திட்டம் நடந்தது. நாட்டை ஆள்வோர் நெடுங்காலப் பயனைக் கருதி இன்று செலவிடத் தயங்கார் என்பதற்கு ஜூரோங்கே சான்று.

ஆயின் அக்கணக்கில் ஒரு குறையும் உண்டு. முதற் பத்தி, அதாவது அழிவது எது என்னும் பத்தி, முழுமையாக எழுதப்படவில்லை. அலையின் வேகத்தைத் தணிப்பதும் சேற்றைப் பிடித்துவைத்துக் கரையை நிலைநிறுத்துவதும் சதுப்புநிலக் காடுகளின் இயல்பு. வெட்டியபோது அவற்றுக்கு விலை இடப்படவில்லை. பின்னர், தெற்கே இருந்த 7 சிறு தீவுகளை இணைத்து ஜூரோங் தீவு உருவாக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்டது. நிலமீட்புப் பணி 2009இல் நிறைவுற்றது. அத்தீவுகள் சிலவற்றில் வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் தம் ஊரைவிட்டுப் பெருந்தீவுக்குக் குடிபெயர்ந்தன. கரையைக் காக்க இன்று நாம் பேசும் செலவில் ஒரு சிறு பகுதியேனும், அன்று எழுதாமல் விட்ட கடன் என்று சொல்வது தவறாகாது.

அறிஞர் இருவரின் வழக்கு

இனி உலக அரங்கில் நடந்த வழக்கைக் காண்போம். 2006ஆம் ஆண்டு அக்டோபரில் நிக்கலஸ் ஸ்டெர்ன் பிரிட்டிஷ் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஏற்படும் இழப்பு, உலக உற்பத்தியில் ஆண்டுதோறும் குறைந்தது 5 விழுக்காட்டுக்குச் சமம். பரந்த தீங்குகளையும் சேர்த்தால் அது 20 விழுக்காடும் அதற்கு மேலும் ஆகலாம். தடுப்பதற்கு ஆகும் செலவோ ஏறத்தாழ 1 விழுக்காடுதான் என்றார். அமெரிக்கப் பொருளியலார் வில்லியம் நோர்தவுஸ் இதனை ஏற்கவில்லை. தடுக்கத்தான் வேண்டும், ஆனால் வரியைச் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அவருக்கு 2018ஆம் ஆண்டின் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது.

இருவரும் ஏறக்குறைய ஒரே அறிவியலை நம்பியவர்கள். முடிவு வேறுபட்டது எதனால்? பெரும்பகுதி ஒரே ஓர் எண்ணால். அதன் பெயர் கழிவு வீதம்.

வட்டிக் கணக்கைத் திருப்பிப் போடுவதே கழிவுக் கணக்கு. நூறு ஆண்டு கழித்து நேரவிருக்கும் 100 வெள்ளி இழப்பைத் தவிர்க்க இன்று எவ்வளவு கொடுக்கலாம்? ஸ்டெர்ன் கொண்ட 1.4 விழுக்காட்டு வீதத்தில் ஏறத்தாழ 25 வெள்ளி கொடுக்கலாம். நோர்தவுஸ் சந்தை வட்டியை ஒட்டி எண்ணினார். 4 விழுக்காடாயின் 2 வெள்ளிதான் கொடுக்கலாம். 5 விழுக்காடாயின் 76 காசு! ஆண்டுக்கு ஒன்றாகப் பார்த்தால் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு, நூறு ஆண்டில் ஒரு தலைமுறையின் துன்பத்தைக் கால் பங்காகவும் காட்டும்; காசாகவும் காட்டும்.

நோர்தவுஸ் கூற்றில் வலிமை இல்லாமல் இல்லை. இன்று ஒரு வெள்ளியைப் பள்ளிக்கூடத்திலோ மருத்துவமனையிலோ இட்டால் அதுவும் வளரும். அவ்வளர்ச்சியைக் கணக்கில் கொள்ளாமல் எல்லாப் பொருளையும் ஒரு பக்கமே கொட்டலாகாது. ஆனால் சந்தை வட்டி என்பது இன்று வாழ்வோர் தமக்குள் செய்துகொள்ளும் பேரம். பிறவாத குழந்தை அச்சந்தைக்கு வந்து விலை கேட்கவில்லை. அவருடைய கணிப்பில் மிகச் சிறந்ததென வந்த வழியே 2100ஆம் ஆண்டில் உலக வெப்பத்தை ஏறத்தாழ 3.5 பாகை உயர விடுவது. 2015இல் பாரிசில் உலக நாடுகள் உடன்பட்ட எல்லையோ 2 பாகைக்கும் நன்கு கீழே. கருவி இவ்வளவு விலகிய விடையைத் தரும்போது, உலகம் தவறியதா, கருவி தவறியதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஸ்டெர்னும் முழுமையாகத் தப்பிவிடவில்லை. பார்த்தா தாஸ்குப்தா எடுத்துக்காட்டிய குறை நினைவிற் கொள்ளத்தக்கது. வருங்காலத்தாரையும் இன்றுள்ளோரையும் ஸ்டெர்ன் சமமாக வைத்தார். செல்வர்க்கும் வறியர்க்கும் இடையே உள்ள வேற்றுமைக்கு மட்டும் போதிய நிறை கொடுக்கவில்லை என்பது அது. பேரனுக்கு நீதி செய்யப் புறப்பட்டவர் பக்கத்து வீட்டு ஏழையை மறக்கலாமா? ஆக, இருவர் கணக்கிலும் எண்ணுக்கு முன்னே ஓர் அறம் நிற்கிறது. அதனை எண் என்று சொல்லி மறைப்பதுதான் பிழை.

கரையைக் காக்கும் செலவு

மீண்டும் நம் கரைக்கு வருவோம். நம் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. கடல் 2100ஆம் ஆண்டுக்குள் 1.15 மீட்டர் வரையிலும், கரிம வெளியேற்றம் மிகுந்தால் 2150ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 2 மீட்டர் வரையிலும் உயரலாம் என்று 2024இல் வெளிவந்த தேசியப் பருவநிலை ஆய்வு கூறுகிறது. மீட்கப்படும் நிலத்தின் குறைந்த அளவு உயரம் 2011இலேயே 3 மீட்டரிலிருந்து 4 மீட்டராக்கப்பட்டது. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், கரைகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியும் அதற்கு மேலும் ஆகலாம் என்றார். 2020இல் 5 பில்லியன் வெள்ளியுடன் ஒரு நிதி தொடங்கப்பட்டது. 2025இல் மேலும் 5 பில்லியன் சேர்க்கப்பட்டது.

100 பில்லியன் என்றவுடன் மலைப்பு ஏற்படுகிறது. ஆண்டுக்குச் சராசரி 1 பில்லியன்; 60 இலட்சம் மக்கள் என்று கொண்டால் தலைக்கு ஏறத்தாழ 167 வெள்ளி. காக்கப்படுவதோ வீடு, ஆலை, விமான நிலையம், குடிநீர்த் தேக்கம் அனைத்தும். இக்கணக்கைப் பற்றி நாட்டில் பெரிய வழக்கு எழவில்லை. காரணம் எளிது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரே. தன் வீட்டுக்குக் கூரை வேய்பவன் ஊரைக் கேட்க வேண்டியதில்லை.

ஆயினும் இந்த எளிமை ஓர் உண்மையை மறைக்கிறது. எவ்வளவு உயரத்துக்குச் சுவர் எழுப்புவது? அதனை நாம் தீர்மானிப்பதில்லை. உலகம் விடும் புகை தீர்மானிக்கிறது. புகை குறையாவிடில் கடல் 2100இல் நின்றுவிடப் போவதில்லை. அதற்குப் பின்னும் உயரும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறை கட்டிய சுவரின்மேல் மற்றொரு சுவர் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே காக்கும் செலவு ஒரு கணக்கு, தடுக்கும் செலவு வேறொரு கணக்கு என்று இரண்டு ஏடு வைப்பது பொருந்தாது. தடுக்கும் ஏட்டில் விட்டது காக்கும் ஏட்டில் கடனாய் ஏறும்.

வரியின் நிறை

தடுக்கும் பக்கம் நம் நாடு எடுத்த பெரிய கருவி கரிம வரி. ஆண்டுக்கு 25,000 டன் அல்லது அதற்கு மேல் வெளிவிடும் ஆலைகள்மீது 2019 முதல் டன்னுக்கு 5 வெள்ளி விதிக்கப்பட்டது. 2024, 2025 ஆண்டுகளுக்கு அது 25 வெள்ளி. 2026, 2027 ஆண்டுகளுக்கு 45 வெள்ளி. 2030ஆம் ஆண்டுக்குள் 50 முதல் 80 வெள்ளி வரை ஆகும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. ஜூரோங் தீவின் பேராலைகள் இவ்வரிக்கு உட்பட்டவை. மின்னிலையங்களும் உட்பட்டவை, ஆதலால் நம் மின்கட்டணச் சீட்டிலும் இவ்வரி மறைமுகமாக வந்து சேர்கிறது.

எவ்வளவு சேர்கிறது? நம் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 0.4 கிலோ கரிமப் புகை. டன்னுக்கு 25 வெள்ளி என்றால் அலகுக்கு 1 காசு. 45 வெள்ளி என்றால் 1.8 காசு. நாலறை வீவக வீட்டுக்கு 25 வெள்ளி வரியால் மாதம் ஏறத்தாழ 4 வெள்ளி கூடும் என்று அரசு கூறியது. தாங்கும் பொருட்டு யு-சேவ் கழிவும் கொடுத்தது.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. உலகக் கரிமப் புகையில் நம் பங்கு ஏறத்தாழ 0.1 விழுக்காடு. நாளையே எல்லா ஆலைகளையும் மூடினாலும் ஜூரோங் கரையில் கடல் ஒரு விரற்கடை தாழப் போவதில்லை. செலவு நம்முடையது, நன்மை உலகத்தினுடையது. பின் ஏன் கொடுக்க வேண்டும்?

ஏரிக்கரையை நினைத்தால் விடை கிடைக்கும். தமிழ்நாட்டு ஊர்களில் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்தது. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் கட்டவும் ஊரார் பங்குபோட்டு உழைத்தனர். ஒரு குடியின் பங்கு சில கூடை மண். அக்கூடைகள் இல்லாவிட்டாலும் கரை நிற்கும். 'என் கூடையால் என்ன ஆகும்?' என்று ஒவ்வொருவனும் கேட்டால் கரை நில்லாது. இக்கேள்வி புதியதன்று, வழக்கம் தளர்ந்ததால் 1858இல் சென்னை மாகாணத்தில் இதற்கெனச் சட்டமே இயற்ற நேர்ந்தது. தனியொருவன் பங்கின் பயனைத் தனியே அளப்பது கூட்டுப்பணியை அளக்கும் முறை அன்று. 0.1 விழுக்காட்டு நாடுகளும் 1 விழுக்காட்டு நாடுகளும் இக்காரணம் சொல்லி ஒதுங்கினால் உலகப் புகையில் பெரும் பங்கு கேட்பாரற்றுப் போகும்.

யாரை எண்ணுகிறோம் என்பது விலையை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. ஒரு டன் கரிமப் புகையால் விளையும் தீங்கு 51 டாலர் என்று அந்நாட்டு அரசு 2021இல் மதித்தது. 2023இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகவை 190 டாலர் என்றது. இவ்விரண்டுக்கும் முன் 2017இல் வந்த ஆட்சியோ 1 முதல் 7 டாலர் என்றது. அவ்வாட்சி தன் எல்லைக்கு வெளியே நேரும் தீங்கை எண்ணவில்லை; கழிவு வீதத்தையும் உயர்த்திக்கொண்டது. புகை அதே புகை. தராசின் தட்டில் யார் யாரை ஏற்றுவது என்பதுதான் மாறியது. இதனோடு ஒப்பிட்டால் நம் 45 வெள்ளி உயர்ந்த வரியும் அன்று. வெறும் ஒப்புக்கு விதித்த வரியும் அன்று.

வரிக்கு இன்னொரு பயனும் உண்டு. அதுவே வள்ளுவரின் மூன்றாம் பத்தி. ஓர் ஆலை முப்பது நாற்பது ஆண்டு நிற்கும். இன்று கட்டுபவன் நாளைய வரியை அறிந்தால் வேறுவிதமாகக் கட்டுவான். ஆகவே முன்கூட்டி அறிவித்த ஏறுவரிசை, வசூலாகும் தொகையைவிடப் பெரிய பயன் தரக்கூடியது.

குறை எங்கே? சலுகையில் உள்ளது. அயல்நாட்டுப் போட்டிக்கு உட்பட்ட பேராலைகளுக்கு அவற்றின் வெளியேற்றத்தில் ஒரு பகுதிக்கு வரியில்லாச் சலுகை தரப்படுகிறது. வரி தாளாமல் ஆலை வேறு நாட்டுக்குப் போய் அங்கே அதே புகையை விட்டால் உலகுக்கு நன்மை இல்லை, ஜூரோங்குக்கு வேலையும் இல்லை என்பது இதற்குச் சொல்லும் காரணம். காரணம் மெய்யே. ஆனால் நாலறை வீட்டுக்காரர் எரிக்கும் விளக்கு எந்த நாட்டுக்கும் போய்விடாது என்பதனால் அவர்மேல் முழு வரியின் நிழல் விழுகிறது. போய்விடுவேன் என்று சொல்லக்கூடியவனுக்குக் குறைகிறது. அச்சுறுத்தக்கூடியவனுக்குக் கழிவு, அடங்கி இருப்பவனுக்கு விலை என்னும் நிலை நெடுங்காலம் நீடித்தல் நன்றன்று. சலுகைக்குக் காலவரையறை வேண்டும். எவ்வளவு சலுகை, அதற்கு ஈடாக என்ன மாற்றம் என்பது மக்கள் பார்க்கும் கணக்கில் வர வேண்டும். இல்லையேல் வரியின் எண் ஏட்டிலும் அதன் வலிமை வேறிடத்திலும் இருக்கும்.

உயிரின் விலை

இறுதியாக, கணக்குகளின் மிகக் கூசத்தக்க பக்கத்துக்கு வருகிறோம். 1995ஆம் ஆண்டு, ஐக்கிய நாடுகள் அமைத்த பருவநிலை ஆய்வுக் குழுவின் இரண்டாம் அறிக்கை உருவானபோது, பொருளியல் அதிகாரம் ஒன்றில் இழக்கப்படும் உயிர்களுக்கு விலை இடப்பட்டது. செல்வ நாட்டு உயிருக்கு 15 இலட்சம் டாலர்; வறிய நாட்டு உயிருக்கு 1 இலட்சம் டாலர். மக்கள் தம் உயிரைக் காக்க எவ்வளவு கொடுக்க இயலும் என்பதிலிருந்து வந்த எண்கள் அவை என்று விளக்கினர். இயலாமையை விலையாக்கிவிட்டனர் என்று எதிர்த்தோர் கூறினர். எதிர்த்தோர் கூற்றே சரி.

ஜூரோங்கில் நின்று இதனைப் பார்த்தால் பொய் தெளிவாகும். புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்து கப்பல் பட்டறையில் உழைக்கும் ஒருவர், அந்த ஏட்டின்படி இங்கே நிற்கும்போது ஒரு விலை. விடுமுறைக்கு ஊர் சென்றதும் அதில் பதினைந்தில் ஒரு பங்கு. ஆள் அதே ஆள். அவருடைய குழந்தைகளும் அதே குழந்தைகள். விமானத்தில் ஏறியதனால் ஓர் உயிர் மலிவாகுமா?

இதற்கு மறுதலையாக ஒரு நல்ல கணக்கும் உண்டு. வெயிலில் வேலை செய்வோர்க்காக மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் ஒரு முறையை வகுத்தது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த அளவை 32 பாகையைத் தொட்டால் கடும் உழைப்பாளிக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு. 33 ஆனால் 15 நிமிடம். செலவுப் பத்தியில் இது உழைப்பு நேரத்தில் ஆறில் ஒரு பங்கு இழப்பு. வரவுப் பத்தியில் எழுத, பத்திரமாக வீடு திரும்பும் ஒரு மனிதன் தவிர வேறொன்றும் இல்லை. எவரும் அவ்வுயிருக்கு விலை குறித்துவிட்டு இவ்வோய்வைக் கொடுக்கவில்லை. உயிரை எல்லையாக வைத்துவிட்டு அதற்குள் செலவை எப்படிக் குறைப்பது என்று எண்ணினர். கணக்கைப் பயன்படுத்தும் முறை இதுவே.

முடிபு

கணக்கு வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. கணக்கில்லாத நன்மை விரைவில் வீண்செலவாகும். ஆனால் கணக்கை நம்புமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அழிவது எல்லாம் எழுதப்பட்டதா? ஆவது யாருக்கு? தொடர்ந்து வரும் ஊதியத்தை எந்த வீதத்தில் தேய்த்தீர்கள்? இம்மூன்றுக்கும் விடை சொல்லாமல் வைக்கப்படும் தொகை, அது பெரிதாயினும் சிறிதாயினும், ஏற்கத்தக்கதன்று.

இவ்வளவைகளால் பார்த்தால், கரைகாப்புச் செலவு தேவையானது. ஆனால் தனித்து நில்லாது. கரிம வரி நியாயமானது; ஆனால் சலுகை வெளிப்படையாகும்வரை அதன் நியாயம் பாதியே. 2050ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவது நாட்டின் குறிக்கோள். அதுவரை ஆண்டுதோறும் இக்கேள்விகளை எழுப்புவது குடிமக்கள் கடமை.

அதே அதிகாரத்தில் மற்றொரு குறள் உண்டு. வரக்கூடிய ஆக்கத்தை எண்ணி, கையிலுள்ள முதலையே இழக்கும் செயலை அறிவுடையார் மேற்கொள்ளார் என்பது அதன் கருத்து. இதுவரை அதனை வணிகனுக்குச் சொன்ன அறிவுரையாகவே படித்து வந்தோம். கரையும் காற்றும் நிலமும் நம் முதல் என்று மாணவர்க்கு விளக்கினால், அக்குறள் ஜூரோங்குக்கும் பொருந்தும்.